ஹங்கேரியின் 424 வகை நீராவி இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரியின் நீராவி ரயில்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்நாட்டார் முதலில் சொல்வது ஒரு பெயரை அன்று, ஓர் எண்ணை: 424. அதைவிட வேகமாக ஓடிய இன்ஜின்களும் அதைவிட அழகானவை என்று கொண்டாடப்பட்ட இன்ஜின்களும் அந்நாட்டில் இருந்தன. ஆனாலும் அறுபது ஆண்டுகள் விரைவு ரயிலையும் சரக்கு ரயிலையும் மாறி மாறி இழுத்து, நாட்டின் எல்லைகள் சுருங்கியபோதும் விரிந்தபோதும் மறுபடி சுருங்கியபோதும் பணியில் நின்றது இந்த வகைதான். இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் தர முயன்றிருக்கிறேன்.

424 வகை என்பது சுருக்கமாக என்ன?

ஹங்கேரிய அரசு ரயில்வேயான மாவ் நிறுவனத்துக்காக, புடாபெஸ்டில் இருந்த மாவாக் தொழிற்சாலை 1924 முதல் 1958 வரை கட்டிய நீராவி இன்ஜின் வகை இது. முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள் கொண்ட போகி (இன்ஜினின் முன்பகுதியைத் தாங்கும் சக்கரச் சட்டம்), அதன் பின்னே ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எட்டு இயக்கச் சக்கரங்கள், அவற்றுக்குப் பின்னால் வேறு சக்கரம் ஏதும் இல்லை. ஆகவே சக்கர அமைப்பை 4-8-0 என்று குறிப்பார்கள். இரண்டு சிலிண்டர்கள், மிகைச்சூடு ஏற்றிய (கொதித்து உண்டான பின் மேலும் சூடாக்கிய) நீராவி, சுமார் 1,350 குதிரைத்திறன், மணிக்கு 90 கிலோமீட்டர் உச்ச வேகம். மொத்தம் 514 இன்ஜின்கள் கட்டப்பட்டன; அவற்றுள் 365 மாவ் நிறுவனத்துக்கு உரியவை.

424 என்ற எண் எப்படி வந்தது?

மாவ் நிறுவனத்தின் எண்முறையில் முதல் இலக்கம், இயக்கச் சக்கரங்கள் பொருத்திய அச்சுகள் எத்தனை என்பதைச் சொல்லும். எனவே 424இன் முதல் 4, நான்கு இயக்க அச்சுகளைக் குறிக்கிறது. 301, 327, 328 ஆகியவை மூன்று அச்சு இன்ஜின்கள். 242 இரண்டு அச்சு. இந்த ஒரு விதி தெரிந்திருந்தாலே பழைய ஹங்கேரிய ரயில் படங்களை ஓரளவு படித்துவிடலாம். ஒவ்வோர் இன்ஜினின் தனி எண்ணையும் வகை எண்ணுக்குப் பின்னால் புள்ளியோ காற்புள்ளியோ இட்டு எழுதுவார்கள்: 424.001, 424.247 என்பதுபோல.

1924இல் இப்படி ஓர் இன்ஜின் தேவைப்பட்டது ஏன்?

இதற்கான பதில் பட்டறையிலிருந்து அல்ல, நிலப்படத்திலிருந்து தொடங்குகிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி 1920 ஜூன் 4 அன்று திரியானோன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அண்டை நாடுகளுக்குப் போயிற்று. எஞ்சியது சுமார் 93,000 சதுர கிலோமீட்டர். கார்பாத்திய மலைப்பாதைகள், திரான்சில்வேனியாவின் நீண்ட தடங்கள், பல சந்திப்பு நிலையங்கள், பணிமனைகள் எல்லாம் புதிய எல்லைகளுக்கு அப்பால் சென்றன. மலைச்சரிவுகளுக்கென்றே போருக்குச் சற்று முன் கட்டப்பட்ட 601 வகை போன்ற மாபெரும் இன்ஜின்களுக்கு, எஞ்சிய சமவெளி நாட்டில் வேலை வெகுவாகக் குறைந்தது.

மிஞ்சியவை பெரும்பாலும் புடாபெஸ்டிலிருந்து ஆரங்களாகப் பிரியும் தடங்கள். அவற்றில் ஓடும் விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் கனமாகிக்கொண்டே வந்தன. ஆனால் தண்டவாளங்களோ பாலங்களோ அதற்கேற்ப வலுப்பெறவில்லை. வலுப்படுத்தப் பணமும் இல்லை. போருக்கு முன் மாவ் பயன்படுத்திய இன்ஜின் வகைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உதிரிபாகம், தனித்தனிப் பழக்கம். சுருங்கிப்போன, கடனில் இருந்த ஒரு ரயில்வேக்கு அந்தப் பன்மை ஒரு சுமை. பகலில் விரைவு ரயிலையும் இரவில் சரக்கு ரயிலையும் இழுக்கக்கூடிய, பழைய தண்டவாளத்தை நோகடிக்காத ஒரே இன்ஜின் வேண்டும் என்பதே தேவை. 424இன் ஒவ்வோர் அளவும் இந்த நெருக்கடிக்குள்ளிருந்து பிறந்தது என்றே நான் கருதுகிறேன். அதன் வரலாற்றைக் குதிரைத்திறனில் தொடங்காமல் நிலப்படத்தில் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான்.

எட்டு இயக்கச் சக்கரங்களும் 4-8-0 அமைப்பும் ஏன்?

தண்டவாளத்தின் மீது ஓர் அச்சு எவ்வளவு பளுவை இறக்கலாம் என்பதே அன்றைய வடிவமைப்பாளர்களுக்கு முன் நின்ற முதல் கட்டுப்பாடு. 424இல் அது 14 டன்னுக்குச் சற்று மேல். ஓர் இன்ஜின் எவ்வளவு பலமாக இழுக்கும் என்பது நீராவியின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள, இயக்கச் சக்கரங்களின் மீது எடை இருக்க வேண்டும். அச்சு ஒன்றுக்கு அவ்வளவுதான் அனுமதி என்றால், மூன்று அச்சுகளில் சுமார் 43 டன் மட்டுமே பிடிமானத்துக்குக் கிடைக்கும். நான்கு அச்சுகளில் 57 டன் கிடைக்கும். இன்ஜினின் மொத்த எடை சுமார் 83 டன். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இழுப்பதற்கே பயன்படுகிறது.

பின்னால் ஒரு தாங்கு சக்கரம் வைத்திருந்தால் பெரிய உலையை அதன் மேல் வசதியாக அமர்த்தியிருக்கலாம்; ஆனால் அந்தச் சக்கரம் சுமக்கும் எடை இழுவைக்கு உதவாமல் போயிருக்கும். அதைத் தவிர்த்து, உலையை இன்ஜினின் அடிச்சட்டத்துக்கும் பின் இயக்கச் சக்கரங்களுக்கும் மேலேயே தூக்கி வைத்தார்கள். அதனால் கொதிகலன் முழுவதும் உயரப் போயிற்று, புகைபோக்கி குட்டையாயிற்று, இன்ஜினுக்கு அந்தத் தனித்த தோற்றமும் வந்தது. முன்னால் இருக்கும் நாற்சக்கரப் போகி, வளைவுகளில் இன்ஜினை வழிநடத்தி, விரைவு ரயிலின் வேகத்திலும் அதை ஆடாமல் ஓட வைத்தது. இதே சக்கர அமைப்பு அண்டை நாடான ஆஸ்திரியாவில் ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்திருந்தது: தென் ரயில்வே 1915இல் 570 வகையைக் கொண்டுவந்தது, அதன் வழியில் ஆஸ்திரிய அரசு ரயில்வே 1923 முதல் 113 வகையைக் கட்டியது.

இயக்கச் சக்கரத்தின் விட்டம் 1,606 மில்லிமீட்டர். சரக்கு இன்ஜினுக்கு இது சற்றுப் பெரியது, விரைவு இன்ஜினுக்குச் சற்றுச் சிறியது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து சுற்றுகள் சுற்றும். அதே சுற்று வேகத்தில் 2,000 மில்லிமீட்டர் சக்கரம் மணிக்கு 112 கிலோமீட்டரை எட்டியிருக்கும். ஆனால் கனமான சரக்கு ரயிலை நின்ற இடத்திலிருந்து கிளப்பத் திணறியிருக்கும். அந்த 22 கிலோமீட்டரைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.

இரண்டே சிலிண்டர்கள் போதுமானதாக இருந்தனவா?

போதுமானதாக இருந்தன என்பது மட்டுமன்று. இந்த வகை இவ்வளவு காலம் ஓடியதற்கு அதுவே பெரிய காரணம். போருக்கு முந்தைய ஹங்கேரியப் பொறியாளர்கள் கூட்டு முறையில் கைதேர்ந்தவர்கள்: ஒரு சிலிண்டரில் வேலை செய்து வெளிவரும் நீராவியை அடுத்த, பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மீண்டும் வேலை வாங்குவது அந்த முறை. 1911இல் வந்த 301 வகை விரைவு இன்ஜினில் இப்படி நான்கு சிலிண்டர்கள் இருந்தன. கரி மிச்சமாகும், ஆனால் சட்டத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் சிலிண்டர்களையும் வளைந்த அச்சையும் பராமரிப்பது கடினமான வேலை.

மிகைச்சூடு ஏற்றிய நீராவி வழக்கத்துக்கு வந்ததும் அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதியை எளிய அமைப்பிலேயே பெற முடிந்தது. 424இல் 600 மில்லிமீட்டர் விட்டமும் 660 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள், இரண்டும் வெளிப்புறத்தில். கொதிகலன் அழுத்தம் 13 பார். இந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டால் கிளம்பும்போது 16 டன்னுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை வருகிறது. இயக்கச் சக்கரங்கள் மீதுள்ள எடையில் இது ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கும், குறைந்தால் எடை வீண். சிலிண்டரின் அளவையும் அச்சுப் பளுவையும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்திய கணக்கு இது. இயங்கும் பாகங்கள் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால், எண்ணெய் இடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சிறிய லோகோ ஷெட்டே போதுமானதாக இருந்தது.

எந்தக் கரியில் ஓடியது?

பெரும்பாலும் உள்நாட்டுப் பழுப்புக் கரியில். டாடாபான்யா, டொரோக், ஷல்கோதர்யான் வட்டாரங்களின் சுரங்கங்கள் ஹங்கேரிக்குள் தங்கின. திரான்சில்வேனியாவின் பெத்ரோஷேன் கரிப்பகுதி ருமேனியாவுக்குப் போய்விட்டது. பழுப்புக் கரியில் வெப்பம் குறைவு, சாம்பல் அதிகம். ஒரே அளவு நீராவிக்கு அதிகக் கரியை எரிக்க வேண்டும் என்றால், எரியும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். 424இன் உலைத் தட்டு 4.45 சதுர மீட்டர். உலையைச் சக்கரங்களுக்கு மேல் தூக்கி வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது: சக்கரங்களுக்கு நடுவே நெருக்கி வைத்திருந்தால் இந்த அகலம் வாய்த்திருக்காது. அதன் விலையைக் கொடுத்தவர் ஃபயர்மேன். அந்த அகலமான உலைக்குக் கையால் கரி அள்ளிப் போட்டு, சாம்பலைக் கிளறி, நெருப்பைச் சீராக வைத்திருந்த மனிதர்களின் உழைப்பை எந்த அளவுப் பட்டியலும் சொல்வதில்லை.

கொதிகலன் முதுகில் தெரியும் திமில் எதற்கு?

வெளிநாட்டு ரயில் ஆர்வலர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நீராவியைத் திரட்டி எடுக்கும் குமிழ் பெரும்பாலான நாட்டு இன்ஜின்களிலும் உண்டு. ஹங்கேரிய இன்ஜின்களில் அதற்கு முன்னால் இன்னொரு குமிழும் இருக்கும். அது பெட்ஸ்–ரெய்டோ முறை நீர் சுத்திகரிப்பான்.

ஹங்கேரியின் பெரும் சமவெளியில் கிடைக்கும் நீர் கடினமானது, சுண்ணாம்பு கலந்தது. அது கொதிகலன் குழாய்களில் கெட்டியான படிவாக ஒட்டிக்கொண்டால் வெப்பம் நீருக்குப் போகாது. கரி வீணாகும், குழாய் கெடும். இந்தச் சுத்திகரிப்பானில், டெண்டரிலிருந்து (இன்ஜினின் பின்னே கரியும் நீரும் சுமந்து வரும் வண்டி) வரும் நீரை நேரே கொதிகலனின் அடியில் விடாமல், மேலே நீராவி நிறைந்த குமிழுக்குள் தட்டுகளின் மீது வழிந்தோட விடுவார்கள். அங்கே நீர் சட்டென்று சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து அந்தத் தட்டுகளிலேயே படியும். நீர் மட்டும் கீழே இறங்கும். படிந்ததை லோகோ ஷெட்டில் கழற்றிச் சுத்தம் செய்துகொள்ளலாம். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான் என்றால் இதை விரைவு இன்ஜின் என்று சொல்லலாமா?

கண்டிப்பான வகைப்பாட்டில் இது பல்பயன் இன்ஜின். ஆனால் அது பிறந்த காலத்தில் ஹங்கேரியத் தடங்கள் பலவற்றில் 90 கிலோமீட்டர் என்பது விரைவு ரயிலுக்குப் போதிய வேகமே. நாட்டின் முதன்மையான விரைவு ரயில்களைப் பல பத்தாண்டுகள் 424 இழுத்தது.

வேகத்துக்கென்றே கட்டப்பட்டவை வேறு. 1936இல் மாவாக் 242 வகையைக் கொண்டுவந்தது: காற்றைக் கிழிக்கும் உறை போர்த்திய, டெண்டர் இல்லாத, 2,000 மில்லிமீட்டர் சக்கரங்கள் கொண்ட 4-4-4 இன்ஜின். இலேசான விரைவு ரயில்களுக்காக நான்கே நான்கு கட்டப்பட்டன. 1951இல் 303 வகை வந்தது: 4-6-4 அமைப்பு, ஹங்கேரி கட்டிய கடைசி நீராவி விரைவு இன்ஜின் வகை. அதில் இரண்டே இரண்டு. இரண்டு வகையும் பார்ப்பவரை அசத்தும் இன்ஜின்கள். பொறியாளர்களின் திறமைக்குச் சான்றுகள். ஆனால் நான்கும் இரண்டும் ஒரு பக்கம், 365 மறுபக்கம் என்று வைத்துப் பார்த்தால், அந்த ரயில்வேக்கு உண்மையில் எது தேவைப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

எருமை என்றும் நூர்மி என்றும் பெயர்கள் வந்தது எப்படி?

உயர்ந்த முதுகும் பாரித்த உடலும் தளராத இழுவையும் கண்டு ரயில்வே ஊழியர்கள் இதைத் தம் மொழியில் எருமை என்று அழைத்தார்கள். ஹங்கேரியிலும் திரான்சில்வேனியாவிலும் எருமை பழக்கமான விலங்குதான். பால் தரும், வண்டியும் இழுக்கும். எனவே அந்தப் பெயரில் இகழ்ச்சி இல்லை, மதிப்பே இருந்தது.

மற்றொரு பெயர் ஃபின்லாந்தின் ஓட்டவீரர் பாவோ நூர்மியிடமிருந்து வந்தது. முதல் 424 வெளிவந்த அதே 1924இல்தான் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் நூர்மி ஐந்து தங்கம் வென்றார். 1,500 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில், குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து ஓடி வென்றவர் அவர். களைப்பறியாத இன்ஜினுக்குக் களைப்பறியாத ஓட்டக்காரர் பெயர்.

1924இலிருந்து 1958 வரை இடைவிடாமல் கட்டினார்களா?

இல்லை. 1920களில் கட்டப்பட்டவை சொற்பமே. பின் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அரசிடம் பணம் இல்லை. அதோடு, நாட்டின் மிக முக்கியமான தடமான புடாபெஸ்ட்–ஹெஜெஷ்ஹாலொம் பாதை, வியன்னாவை நோக்கிச் செல்வது, 1932–34இல் மின்மயமானது. காண்டோ கால்மான் என்ற பொறியாளரின் 16 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் முறை அது. பொது மின்விநியோகத்தின் அலைவெண்ணையே ரயிலுக்கும் பயன்படுத்திக் காட்டிய முன்னோடி முயற்சி. அந்தத் தடத்தில் நீராவியின் தேவை குறைந்தது.

நிலைமையை மாற்றியது மீண்டும் நிலப்படம்தான். 1938 முதல் 1941 வரை ஹங்கேரி, ஜெர்மனியின் பக்கம் நின்று, இழந்த பகுதிகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அவற்றோடு நீண்ட ரயில் தடங்களும் வந்தன. போரும் மூண்டது. 424 பெரும் எண்ணிக்கையில் கட்டப்பட்டது அப்போதுதான். இருபது ஆண்டுக்கு முன் வரைந்த இன்ஜினைப் பெரிய மாற்றமின்றி மறுபடி கட்ட முடிந்தது அந்த வடிவமைப்புக்குக் கிடைத்த நற்சான்று. ஆனால் அந்த உற்பத்திப் பெருக்கத்தின் பின்னணி ஒரு பேரழிவுப் போர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவை வேறு நாடுகளில் ஓடினவா?

ஓடின. போரின் முடிவில் ஹங்கேரிய இன்ஜின்கள் எல்லைகளைத் தாண்டிச் சிதறின. சில சோவியத் ஒன்றியத்தின் போர்க்கொள்ளையாகின; சில அண்டை நாடுகளில் தங்கின. அத்துடன் 1945இன் போர்நிறுத்த உடன்படிக்கைப்படி ஹங்கேரி 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்களை இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது: 20 கோடி சோவியத் ஒன்றியத்துக்கு, 10 கோடி செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும். யூகோஸ்லாவியாவில் இது 11 வகை என்று பெயர் பெற்று நெடுங்காலம் ஓடியது, செக்கோஸ்லோவாக்கியாவில் 465.0 வகை என்று எண்ணிட்டார்கள்.

1950களிலும் நீராவி இன்ஜின் கட்டியது ஏன்?

போரில் இழந்த இன்ஜின்களுக்கு மாற்று உடனே வேண்டும். மின்மயமாக்கலோ மெதுவாக நடந்தது. கரி நாட்டிலேயே கிடைத்தது. வரைபடமும் வார்ப்பு அச்சுகளும் தொழிலாளர் அனுபவமும் மாவாக்கில் தயாராக இருந்தன. ஆகவே 1950களின் நடுவில் 424இன் கடைசித் தொகுதி தொடங்கி 1958இல் முடிந்தது. பிந்தைய இன்ஜின்களில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரட்டைப் புகைபோக்கி தெரியும்; புகையும் கழிநீராவியும் தடையின்றி வெளியேறி, உலைக்கு நல்ல காற்றோட்டம் கிடைக்கச் செய்த ஏற்பாடு அது. டான்யூப் ஆற்றின் பழைய லத்தீன் பெயரான இஸ்டர் என்பதை அதற்குச் சூட்டியிருந்தார்கள். சில இன்ஜின்களைக் கரியிலிருந்து கனரக எண்ணெய்க்கும் மாற்றினார்கள்.

எப்போது ஓய்வு பெற்றன?

1963இல் ஸ்வீடனிலிருந்து 20 நோஹாப் டீசல் இன்ஜின்கள் வரத் தொடங்கின. அதே ஆண்டு வி43 மின் இன்ஜின் அறிமுகமானது. 1965 முதல் சோவியத் ஒன்றியத்தின் எம்62 டீசல் இன்ஜின்கள் 270 வந்து சேர்ந்தன. விரைவு ரயில்கள் ஒவ்வொன்றாகக் கைமாற, 424 சாதாரணப் பயணிகள் ரயில்களுக்கும் சரக்குக்கும் இறங்கியது. 1980களின் நடுப்பகுதியில் வழக்கமான பணி முற்றிலும் நின்றது.

சிவப்பு நட்சத்திரம் பதித்த, துருப்பிடித்த இன்ஜின் படங்கள் இந்த வகையினுடையவையா?

ஆம். புடாபெஸ்டின் வடபகுதியில் உள்ள இஷ்ட்வான்தெலெக் பணிமனை வளாகத்தில், கூரை இடிந்த கொட்டகைக்குள் 424 இன்ஜின்கள் நிற்கின்றன. முகப்பில் கம்யூனிச ஆட்சிக்காலத்துச் சிவப்பு நட்சத்திரம் இன்னும் இருப்பதால் அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. மனத்தைத் தொடும் காட்சிதான். ஆயினும் 424 என்றாலே துருப்பிடித்த கூடு என்ற எண்ணம் பரவுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஓடும் நிலையில் இருக்கும் 424ஐயும் ஒருவர் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எங்கே பார்க்கலாம்?

புடாபெஸ்டின் 14ஆம் மாவட்டத்தில் உள்ள ஹங்கேரிய ரயில் வரலாற்றுப் பூங்காவில். 1911இல் கட்டப்பட்ட லோகோ ஷெட் ஒன்றை மாற்றி, 2000 ஜூலையில் அதைத் திறந்தார்கள். சுழல்மேடையைச் சுற்றி 34 தடங்கள் கொண்ட வளைந்த கொட்டகை அதன் நடுநாயகம். 424.247 என்ற இன்ஜின் பாரம்பரிய ரயில்களை இழுத்துப் புகழ்பெற்றது. அருகில் நின்று பார்க்கும்போது முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று, கடைசி இயக்கச் சக்கரத்திலிருந்து கண்ணை மேலே உயர்த்துங்கள். சக்கரத்துக்கு நேர் மேலே அகன்ற உலை, அதற்கு முன்னே உயர்ந்த கொதிகலன், அதன் முதுகில் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் குமிழ்: மெலிந்த தண்டவாளமும் சூடு குறைந்த கரியும் கடினமான நீரும் சேர்ந்து அந்த இன்ஜினை எப்படி வடித்தன என்பதை அந்த ஒரு பார்வையிலேயே காணலாம்.